தெரிந்தவர் காரைப் பார்த்துத் தருகிறேன் என்றால்: கொடுப்பதா வேண்டாமா?

கார் வாங்கிய கொஞ்ச நாளில் ஏறக்குறைய எல்லோருக்கும் இது நடக்கும். பிரேக்கை அழுத்தினால் ஒரு கீச்சுச் சத்தம், இல்லையென்றால் டாஷ்போர்டில் மஞ்சளாக எஞ்சின் விளக்கு. வேலை செய்யும் இடத்தில் பேச்சுவாக்கில் யாரிடமோ சொல்கிறீர்கள். பக்கத்தில் நிற்பவர் உடனே, "இதுக்குப் போய் வொர்க்‌ஷாப்ல காசைக் கொட்டாதீங்க, ஞாயித்துக்கிழமை வண்டியைக் கொண்டுவாங்க, நான் பார்த்துத் தர்றேன்" என்கிறார். மனதாரத்தான் சொல்கிறார். உங்களுக்கும் செலவு மிச்சம், அலைச்சல் மிச்சம்.

அந்த இடத்திலேயே சரி என்று சொல்லிவிடாதீர்கள். முகத்தில் அடித்தாற்போல மறுக்கவும் வேண்டாம். "ரொம்ப நன்றிங்க, என்ன பிரச்சினைன்னு முதல்ல தெரிஞ்சுக்கிட்டு உங்ககிட்ட வர்றேன்" என்று சொன்னால் போதும். அந்த ஒன்றிரண்டு நாள் இடைவெளியில் யோசிக்க வேண்டியவற்றைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். நான் மெக்கானிக் இல்லை. ஆனால் தெரிந்தவர்களிடம் பலமுறை காரைக் கொடுத்திருக்கிறேன். அதில் பெரும்பாலானவை நன்றாகவே முடிந்தன, ஒன்று மிக மோசமாக முடிந்தது. அந்த ஒன்றைப் பற்றியும் சொல்கிறேன், ஏனென்றால் அதில்தான் எனக்கு விஷயம் புரிந்தது.

முதலில் ஆளைப் பார்க்காதீர்கள், வேலையைப் பாருங்கள்

எல்லோரும் முதலில் கேட்டுக்கொள்ளும் கேள்வி, "அவருக்கு வேலை தெரியுமா?" என்பது. அதற்கு முன்னால் கேட்க வேண்டியது, செய்யப்போகும் வேலை என்ன என்று நமக்கே தெரியுமா என்பது. "முன்சக்கரத்து பிரேக் பேட் தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும்" என்றால் அது தெரிந்த வேலை. "வண்டி சில நேரம் இழுக்கமாட்டேன் என்கிறது" என்றால் அது இன்னும் வேலையே ஆகவில்லை, தேடல். பொருளை மாற்றுவதற்குக் கைத்திறன் போதும். எதை மாற்ற வேண்டும் என்று கண்டுபிடிக்க அளவுக் கருவியும் பொறுமையும் அந்த மாடலில் பழக்கமும் வேண்டும். தெரிந்தவர்களிடம் போகும் காரியங்கள் கெட்டுப்போவது பெரும்பாலும் இந்தத் தேடலில்தான். சென்சாராக இருக்கும் என்று ஒன்றை மாற்றுவார், சரியாகாது. பம்பாக இருக்கும் என்று அடுத்ததை மாற்றுவார், அதுவும் சரியாகாது. ஒவ்வொரு பொருளுக்கும் காசு உங்களுடையது, கழற்றிப் பூட்டிய புதுப்பொருளைக் கடைக்காரர் திரும்ப வாங்கிக்கொள்ளவும் மாட்டார்.

எஞ்சின் விளக்கு எரிந்தால் அதன் குறியீட்டைப் படிக்க ஒரு சின்னக் கருவி இருக்கிறது. ஸ்டீயரிங்குக்குக் கீழே, டாஷ்போர்டின் அடியில் 16 முனைகள் கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும், அதில் செருகினால் போனிலேயே குறியீடு வந்துவிடும். இன்று பலர் கையில் இது இருக்கிறது. ஆனால் குறியீடு எந்தப் பொருள் கெட்டது என்று சொல்வதில்லை, எந்த அளவு சரியில்லை என்றுதான் சொல்கிறது. பி0420 என்று வந்தால் புகைக்குழாயில் நச்சுப்புகையைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் தன் வேலையைச் சரியாகச் செய்வதாக அளவில் தெரியவில்லை என்று அர்த்தம். உடனே கன்வெர்ட்டரை மாற்றிவிடலாம் என்று சொல்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். காரில் விலை கூடிய உருப்படிகளில் அது ஒன்று. அந்தக் குறியீட்டுக்குக் காரணம் ஆக்சிஜன் சென்சாராக இருக்கலாம், புகைக்குழாயில் கசிவாக இருக்கலாம், எஞ்சின் சரியாக எரியாமல் பெட்ரோலை அப்படியே வெளியே தள்ளிக்கொண்டும் இருக்கலாம்.

நல்ல ஆள் என்ன செய்வார் என்பதற்கு ஒரு காட்சி சொல்கிறேன். என் காரில் ஒருமுறை பி0302 வந்தது, இரண்டாவது சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று. ஒரு நண்பர் பானெட்டைத் திறந்தார், எந்தப் பொருளையும் வாங்கச் சொல்லவில்லை. இரண்டாவது சிலிண்டரின் இக்னிஷன் காயிலை, அதாவது ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் பாகத்தைக் கழற்றி மூன்றாவதில் போட்டார், மூன்றாவதில் இருந்ததை இரண்டாவதில் போட்டார். குறியீட்டை அழித்துவிட்டுச் சிறிது தூரம் ஓட்டினோம். விளக்கு மறுபடி எரிந்தது, இந்தமுறை பி0303. கோளாறு காயிலோடு சேர்ந்து இடம் மாறிவிட்டது, ஆகவே கெட்டது காயில்தான். மாறாமல் பி0302 என்றே வந்திருந்தால் காயிலைத் தொடாமல் ஸ்பார்க் பிளக்கையும் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரையும் பார்த்திருப்பார். அரை மணி நேரம், செலவு கிடையாது. பொருள் வாங்குவதற்கு முன்னால் இப்படி ஏதாவது ஒரு சோதனை செய்கிறாரா என்பதை வைத்தே ஒருவரைப் பாதிக்குமேல் எடைபோட்டுவிடலாம்.

என்ன கோளாறு என்று தெரியாதபோது ஒரு நடுவழியும் உண்டு. வொர்க்‌ஷாப்புக்குப் போய், பார்ப்பதற்கான கூலியை மட்டும் கொடுத்து, என்ன கோளாறு, எதை மாற்ற வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் மாற்றும் வேலையைத் தெரிந்தவரிடம் கொடுப்பதா என்று யோசிக்கலாம். போகும்போதே இப்படித்தான் செய்யப்போகிறேன் என்று சொல்லிவிடுங்கள், பல இடங்களில் ஒப்புக்கொள்வார்கள்.

ஒரு போல்ட் தளர்ந்திருந்தால் என்ன ஆகும்?

வேலை என்னவென்று தெரிந்துவிட்டது என்றால் அடுத்ததாக இந்தக் கேள்வியைப் போட்டுப் பாருங்கள். இவர் செய்யும் வேலையில் ஒரு போல்ட் சரியாக இறுகவில்லை என்றால், அதிகபட்சம் என்ன கெடும்?

ஏர் ஃபில்டர், வைப்பர், ஹெட்லைட் பல்பு, ஏசிக்குள் இருக்கும் கேபின் ஃபில்டர் என்றால் பெரிதாக ஒன்றும் ஆகாது, மறுபடி கழற்றிப் போட்டுக்கொள்ளலாம். இதற்கெல்லாம் யார் வந்தாலும் சரி என்று சொல்லுங்கள். பக்கத்தில் நின்று பார்த்தால் அடுத்தமுறை நீங்களே செய்துவிடலாம். பேட்டரி மாற்றுவதும் இதில்தான் சேரும், ஆனால் புதுக் கார்கள் சிலவற்றில் பேட்டரி மாறிவிட்டது என்று வண்டியின் கம்ப்யூட்டருக்குத் தெரிவிக்க வேண்டும், அதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆயில் மாற்றுவது, ஸ்பார்க் பிளக், பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர், ரேடியேட்டர் ஹோஸ் ஆகியவற்றில் தவறு நடந்தால் வண்டிக்குச் சேதம். சில நேரம் பெரிய சேதம். எஞ்சின் ஆயிலை வடிக்கும் போல்ட்டை மூச்சைப் பிடித்துக்கொண்டு இறுக்கினால் எஞ்சினுக்கு அடியில் ஆயில் தங்கும் அலுமினிய ஆயில் சம்ப்பில் மரை போய்விடும். ஸ்பார்க் பிளக்கைக் கோணலாகத் திருகினால் சிலிண்டர் ஹெட்டிலேயே மரை கெடும். செய்து பழகியவர் என்றால் கொடுக்கலாம், பழகாதவர் என்றால் வேண்டாம்.

பிரேக், ஸ்டீயரிங், சக்கரம், சஸ்பென்ஷன் என்றால் கணக்கே வேறு. இங்கே தவறு நடந்தால் உங்களுக்கும், பின்சீட்டில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கும், சாலையில் குறுக்கே வருபவருக்கும் ஆபத்து. பிரேக் பேட் மாற்றுவது பார்க்க எளிதாக இருக்கும், உண்மையில் பழகிய கைக்கு எளிதுதான். ஆனால் இதே வேலையைப் பல கார்களில் செய்தவராக இருக்க வேண்டும். பட்டன் அழுத்தினால் பிடிக்கும் எலக்ட்ரிக் ஹேண்ட்பிரேக் உள்ள கார் என்றால் பேட்டை டிஸ்க்கோடு அழுத்திப் பிடிக்கும் பின்பக்க கேலிப்பரின் பிஸ்டனைக் கையால் பின்னுக்குத் தள்ளக்கூடாது, முதலில் அதைச் சர்வீஸ் நிலைக்குக் கொண்டுபோக வேண்டும். இது தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள், முகத்திலேயே பதில் தெரிந்துவிடும்.

கடைசியாக, எவ்வளவு நெருங்கிய நண்பராக இருந்தாலும் வீட்டு வாசலில் வைத்துச் செய்ய விடக்கூடாத சில வேலைகள் இருக்கின்றன. ஏர்பேக், அதன் மஞ்சள் நிற வயர்கள். ஹைபிரிட், எலக்ட்ரிக் கார்களில் ஆரஞ்சு நிறத்தில் ஓடும் கேபிள்கள், அவற்றில் ஓடுவது சில நூறு வோல்ட், கை வைத்தால் உயிர் போகும். ஏசி கேஸ், அதைக் காற்றில் திறந்துவிடாமல் மெஷினில் உறிஞ்சி எடுக்க வேண்டும். முன்பக்க ஷாக் அப்சார்பரோடு சேர்ந்த சுருள் ஸ்பிரிங், அழுத்திப் பிடித்திருக்கும் கருவி நழுவினால் மண்டையைப் பிளந்துவிடும். பெட்ரோல் லைன். பிறகு வால்வும் பிஸ்டனும் ஒன்றுக்கொன்று ஒத்து ஓடவைக்கும் டைமிங் பெல்ட். அதை ஆபத்து என்பதற்காகச் சொல்லவில்லை, பல எஞ்சின்களில் பெல்ட் சில பல் தள்ளி உட்கார்ந்தாலே வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளலாம், எஞ்சினையே இறக்க வேண்டிவரும். இந்த வேலையைத் தினமும் செய்கிறவர் செய்யட்டும்.

வேலையைப் போலவே நாளையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்கு ஞாயிறு மட்டும்தான் நேரம். ஞாயிறு மாலை ஒரு துருப்பிடித்த போல்ட் உடைந்தால் அடுத்த ஞாயிறு வரை உங்கள் கார் மூன்று சக்கரத்தில் நிற்கும். ஒரு வாரம் கார் இல்லாமல் சமாளிக்க முடியுமா? முடியாது என்றால் வேலை சின்னதாக இருந்தாலும் வொர்க்‌ஷாப்தான் நல்லது.

இப்போது ஆளைப் பாருங்கள்

தெரிந்தவர் என்று பொதுவாகச் சொல்கிறோம், ஆனால் அதில் மூன்று வகை உண்டு. தொழிலே மெக்கானிக் வேலை, லீவு நாளில் உங்களுக்குச் செய்துதருகிறேன் என்பவர். தொழில் வேறு, ஆனால் பல வருடமாகத் தன் வண்டியையும் வீட்டார் வண்டியையும் தானே பார்த்துக்கொள்பவர். வீடியோ பார்த்துத் தன் காரில் ஒருமுறை செய்தவர். மூன்றாமவர் கெட்டவர் இல்லை, ஆர்வமுள்ளவர். ஆனால் அவர் கற்றுக்கொள்வதற்கு உங்கள் பிரேக் தேவையில்லை.

கேட்க வேண்டியதை நேராகவே கேளுங்கள். "இதே மாடல்ல பண்ணியிருக்கீங்களா? கடைசியா எப்போ பண்ணீங்க? எவ்வளவு நேரம் ஆச்சு? எந்த இடத்துல கஷ்டமா இருந்துச்சு?" கடைசிக் கேள்விதான் முக்கியம். செய்தவருக்கு அந்த வேலையில் எந்த போல்ட் கைக்கு எட்டாது, எந்த கிளிப் உடையும் என்று நினைவிருக்கும். செய்யாதவர் "அதெல்லாம் ஈசிங்க" என்பார்.

டார்க் ரெஞ்ச் இருக்கிறதா என்று கேளுங்கள். எவ்வளவு இறுக்கம் என்பதை அளந்து இறுக்கும் ஸ்பேனர் அது. சிறிய கார்களில் வீல் நட்டுக்குப் பெரும்பாலும் 100 நியூட்டன் மீட்டரை ஒட்டிய அளவு, ஸ்பார்க் பிளக்குக்கு அதில் கால்வாசிபோல. உங்கள் காருக்கு எவ்வளவு என்று கையேட்டில் இருக்கும். "எனக்குக் கைப்பக்குவம் இருக்கு" என்று சொல்பவர் உண்மையிலேயே கைப்பக்குவம் உள்ளவராக இருக்கலாம். இருந்தாலும் பிரேக்கிலும் சக்கரத்திலும் அந்தப் பேச்சை நான் ஒப்புக்கொள்வதில்லை.

வண்டியைத் தூக்கி எதில் நிறுத்துவார் என்பதையும் பாருங்கள். ஜாக்கி வண்டியைத் தூக்குவதற்கு மட்டும்தான், அதன் மேலே நிறுத்திவைத்து யாரும் அடியில் போகக்கூடாது. கெட்டியான சமதளத் தரை, எடை தாங்கும் ஸ்டாண்டுகள், தரையில் நிற்கும் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை, இவ்வளவும் வேண்டும். செங்கல்லை அடுக்கி அதன்மேல் நிறுத்துகிறேன் என்றால் அந்த இடத்திலேயே வேலையை நிறுத்துங்கள். அவர் வருத்தப்பட்டாலும் பரவாயில்லை. உங்கள் காருக்கு அடியில் படுத்து ஒருவருக்கு ஏதாவது ஆனால் அதற்குப் பதில் சொல்ல உங்களாலும் முடியாது, அவர் வீட்டாராலும் தாங்க முடியாது.

ஒருவர் மேல் எனக்கு நம்பிக்கை வருவது அவர் முடியாது என்று சொல்லும்போதுதான். காயிலை மாற்றிப் போட்டுப் பார்த்தார் என்றேனே, அதே நண்பரிடம் டைமிங் பெல்ட்டைப் பற்றிக் கேட்டபோது, "அது வேண்டாங்க, இந்த எஞ்சினுக்கு லாக் பண்ற டூல் தனியா வேணும், என்கிட்ட இல்ல, வொர்க்‌ஷாப்லயே விட்டுடுங்க" என்றார். அன்றிலிருந்து அவர் செய்கிறேன் என்று சொல்லும் எதையும் நான் யோசிக்காமல் கொடுப்பேன். அவர் வேலை செய்யும் விதமும் அப்படி. ஓர் அட்டையில் பேனாவால் அந்தப் பாகத்தைக் கோட்டோவியம்போல வரைந்து, கழற்றும் ஒவ்வொரு போல்ட்டையும் அது இருந்த இடத்தில் அட்டையில் குத்தி வைப்பார். கடைசியில் அட்டை காலியாக இருந்தால்தான் வேலை முடிந்ததாகக் கணக்கு.

நான் வாய் திறக்காமல் நின்ற நாள்

இது வேறொருவர். என்னைவிட வயதில் மூத்தவர், எனக்கு முன்பு பல உதவிகள் செய்தவர். என் ஆட்டோமேட்டிக் காருக்கு ஆயில் மாற்றித்தருகிறேன் என்றார். ஆயில் மாற்றுவதுதானே, நானும் சரி என்றேன். வண்டிக்கு அடியில் போய் ஒரு போல்ட்டைக் கழற்றினார், தட்டில் எண்ணெய் வடிந்தது. அது செந்நிறமாக, கண்ணாடிபோலத் தெளிவாக இருந்தது. ஓடித் தேய்ந்த எஞ்சின் ஆயில் கருப்பாக இருக்கும் என்று எனக்கே தெரியும். இது என்ன நிறம் என்று மனதுக்குள் ஓர் உறுத்தல். ஆனால் அவர் வயதுக்கும் உதவிக்கும் முன்னால் "இது வேற ஆயில் மாதிரி இருக்கே" என்று கேட்க வாய் வரவில்லை. அவருக்குத் தெரியாததா என்று நினைத்துக்கொண்டேன்.

வடிந்தது கியர்பாக்ஸ் ஆயில். அந்தக் காரில் இரண்டு போல்ட்டும் அடுத்தடுத்து இருந்தன. அவர் அதைப் பூட்டிவிட்டுப் புது எஞ்சின் ஆயிலைப் பழைய ஆயிலின் மேலேயே ஊற்றினார். இப்போது எஞ்சினில் இரண்டு மடங்கு ஆயில், கியர்பாக்ஸில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. சில கிலோமீட்டர் போனதும் எஞ்சின் உறுமியது, கார் நகரவில்லை. இழுத்துக்கொண்டுதான் போனோம். கியர்பாக்ஸைப் பிரித்து வேலை செய்ய வேண்டியதாயிற்று. செலவை அவரிடம் கேட்க என்னால் முடியவில்லை, அவராலும் என்னை நேராகப் பார்க்க முடியவில்லை. இன்றுவரை எங்களுக்குள் பழைய பேச்சு இல்லை. எனக்குப் பெரிய இழப்பு அதுதான்.

எஞ்சினில் ஆயில் அளவு காட்டும் குச்சியை, டிப்ஸ்டிக்கை ஒருமுறை இழுத்துப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். அதைவிட, அந்தச் செந்நிற எண்ணெயைப் பார்த்த நிமிடம் நான் கேட்டிருந்தால் போதும், கார் தப்பித்திருக்கும், அவரும் சிரித்துக்கொண்டே அடுத்த போல்ட்டைத் திறந்திருப்பார். ஆகவே இப்போது யாரிடமாவது காரைக் கொடுப்பதா என்று முடிவெடுக்கும்போது நான் என்னிடமே கேட்டுக்கொள்வது இது ஒன்றுதான்: இவர் வேலை செய்துகொண்டிருக்கும்போது "ஒரு நிமிஷம், இது சரியா?" என்று என்னால் கேட்க முடியுமா? தவறு நடந்தால் "மறுபடி பார்த்துத் தாங்க" என்று சொல்ல முடியுமா? வொர்க்‌ஷாப்பில் காசு கொடுக்கிறோம், அந்த உரிமை பில்லோடு வந்துவிடும். தெரிந்தவரிடம் அது தானாக வராது. முடியாது என்று மனது சொன்னால், அவர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் நான் கொடுப்பதில்லை.

கொடுப்பதென்று முடிவானால், முதலிலேயே பேசிவிடுங்கள்

"நமக்குள்ள என்ன" என்பார். பரவாயில்லை, பேசுங்கள். நீங்களே ஆரம்பித்தால் சங்கடம் குறைவு. "உங்க நேரத்துக்கு நான் ஏதாவது கொடுத்தாத்தான் எனக்கு நிம்மதி, எவ்வளவுன்னு இப்பவே சொல்லிடுங்க" என்று கேளுங்கள். பணம் வேண்டவே வேண்டாம் என்றால் அவருக்குத் தேவையான ஒரு டூலை வாங்கிக் கொடுங்கள், நல்ல டார்க் ரெஞ்ச் கொடுத்தால் சந்தோஷப்படாதவர் இல்லை. சும்மா செய்துதந்த வேலையில் குறை சொல்வது எவ்வளவு கடினம் என்று நான் பார்த்துவிட்டேன், அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

அப்புறம் உடைந்தால் யார் பொறுப்பு என்ற பேச்சு. பழைய வண்டியில் போல்ட் உடைவது, பிளாஸ்டிக் கிளிப் உடைவது எல்லாம் யார் செய்தாலும் நடக்கும். என் வழக்கம் இது: வண்டி பழசானதால் உடைந்தால் செலவு என்னுடையது, அதை முதலிலேயே சொல்லிவிடுவேன். வேறு போல்ட்டைத் திறந்துவிட்டார், எதையோ பூட்ட மறந்துவிட்டார் என்பதுபோன்ற கைப்பிழை என்றால் அவர் கூலி வாங்காமல் சரிசெய்துதர வேண்டும், அவரால் முடியாவிட்டால் வொர்க்‌ஷாப் செலவில் பாதி பாதி. பாதிச் செலவை ஏற்கக்கூடிய நிலையில் அவர் இருக்கிறாரா என்று யோசியுங்கள். இல்லை என்றால் அந்த இழப்பை முழுதாக நீங்கள் தாங்க முடியுமா என்று யோசியுங்கள். இரண்டும் இல்லை என்றால் கொடுக்காதீர்கள்.

பேசியதை ஒரு குறுஞ்செய்தியாக அனுப்பிவிடுங்கள். பத்திரம்போல வேண்டாம். "அப்போ ஞாயிறு காலை வர்றேன், முன்பக்க பேட் ரெண்டு பக்கமும், டிஸ்க் தேய்ஞ்சிருந்தா தொடுறதுக்கு முன்னாடி எனக்குச் சொல்லுங்க, வேற எதையும் கழட்ட வேண்டாம்" என்ற அளவுக்கு இருந்தால் போதும். அந்தக் கடைசி வரி முக்கியம். நல்ல மனதுக்காரர்கள் "இதையும் சேர்த்துப் பார்த்துட்டேன்" என்று கேட்காத வேலையைத் தொடுவார்கள்.

பொருளை நீங்களே வாங்குங்கள், பில் உங்கள் பெயரில் இருக்கட்டும். ஒரே மாடலில்கூட வருடத்துக்கு வருடம் பாகம் மாறும், ஆகவே கடையில் காரின் 17 எழுத்து சேஸிஸ் நம்பரைக் கொடுத்துக் கேளுங்கள். பிரேக் பேட், ஃபில்டர், ஸ்பார்க் பிளக் ஆகியவற்றில் டூப்ளிகேட் நிறைய ஓடுகிறது, வழக்கத்தைவிடப் பாதி விலைக்குக் கிடைத்தால் சந்தேகப்படுங்கள். ஆயில் என்றால் கையேட்டில் போட்டிருக்கும் அதே கிரேடு. பிரேக் ஃப்ளூயிட் என்றால் பானெட்டுக்குள் அது ஊற்றியிருக்கும் ரிசர்வாயரின் மூடியில் டாட் 3, டாட் 4 என்று எழுதியிருக்கும், அதையே வாங்குங்கள், சீல் உடைக்காத புது டப்பாவாக. திறந்துவைத்த டப்பா காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், ஈரம் சேர்ந்த ஃப்ளூயிட் இறக்கத்தில் பிரேக் சூடாகும்போது கொதித்து, பெடல் பஞ்சுபோலப் போய்விடும். சிலிகான் வகையான டாட் 5 என்பது வேறு சாதி, இவற்றோடு கலக்கவே கூடாது.

கார் வாரண்டியில் இருந்தால் வாரண்டிப் புத்தகத்தைப் படியுங்கள். வெளியில் என்னென்ன செய்யலாம், பில்லும் தேதியும் கிலோமீட்டரும் எப்படி வைத்திருக்க வேண்டும் என்று அதில் இருக்கும். இன்ஷூரன்ஸையும் பாருங்கள், அவர் ஓட்டிப் பார்க்கும்போது மோதினால் உங்கள் பாலிசி அதற்குப் பொறுப்பேற்குமா என்று. சந்தேகமாக இருந்தால் ஸ்டீயரிங்கில் நீங்கள் உட்காருங்கள், அவர் பக்கத்தில் உட்காரட்டும்.

அன்றைக்கு

கூடவே இருங்கள், இதை விட்டுக்கொடுக்காதீர்கள். ஸ்பேனர் எடுத்துக் கொடுங்கள், டார்ச் பிடியுங்கள். ஆரம்பிக்கும் முன் கிலோமீட்டரையும், கழற்றப்போகும் இடத்தையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், வயர் எந்தப் பக்கம் போனது என்ற சந்தேகம் வரும்போது அவருக்கே அது உதவும். கழற்றிய பழைய பொருளை வாங்கிப் பாருங்கள். பேட் உண்மையிலேயே தேய்ந்திருந்ததா, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தேய்ந்திருந்ததா? உள்பக்கப் பேட் மட்டும் இரும்பு தெரியத் தேய்ந்திருந்தால் கேலிப்பர் சிக்கிக்கொண்டிருக்கலாம், புதுப் பேட் போட்டாலும் அதே கதி ஆகும்.

வேலை முடிந்து வண்டியை எடுக்கும் முன், பிரேக் வேலை என்றால் நின்ற இடத்திலேயே பெடலைப் பலமுறை அழுத்துங்கள். கேலிப்பரின் பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளியிருப்பதால் முதல் அழுத்தங்களில் பெடல் தரைவரை போகும், சில அழுத்தத்தில் கெட்டியாக வேண்டும். கெட்டியாகாவிட்டால் ஓர் அடிகூட நகர்த்தாதீர்கள். ஆயில் வேலை என்றால் எஞ்சினைச் சிறிது ஓடவிட்டு நிறுத்தி, சில நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கைப் பாருங்கள், இரண்டு குறிகளுக்கு நடுவே இருக்க வேண்டும். பேட்டரி அல்லது ஆல்டர்னேட்டர் என்றால் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள், எஞ்சின் நின்றிருக்கும்போது 12.6 வோல்ட்டை ஒட்டியும் ஓடும்போது பெரும்பாலான கார்களில் 14 வோல்ட்டை ஒட்டியும் காட்டும். ஸ்டீயரிங் ராடையோ சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்மையோ கழற்றியிருந்தால் வீல் அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் கோணம் பார்க்காமல் விடக்கூடாது, பார்க்காவிட்டால் டயர் ஒருபக்கமாகத் தேய்ந்துவிடும்.

முதல் ஓட்டம் மெதுவாக, ஆளில்லாத சாலையில். அன்று இரவு எஞ்சினுக்கு அடியில் ஒரு பெரிய அட்டையை விரித்துவைத்து, காலையில் பாருங்கள். சொட்டு விழுந்திருந்தால் படம் எடுத்து அவருக்கு அனுப்புங்கள். "நீங்க என்ன பண்ணி வெச்சீங்க" என்று ஆரம்பிக்காமல், "காலைல இதைப் பார்த்தேன், எங்கிருந்து வருதுன்னு நினைக்கிறீங்க?" என்று கேளுங்கள். முதல்நாளே கேட்டுவிட்டால் சின்ன விஷயம், ஒரு மாதம் மனதில் வைத்திருந்து கேட்டால் சண்டை.

வேண்டாம் என்று முடிவெடுத்தால்

தெளிவாகச் சொல்லுங்கள், பொய்க்காரணம் வேண்டாம். "தெரிஞ்சவங்ககிட்ட பிரேக் வேலை கொடுக்கறதில்லைன்னு வெச்சிருக்கேன், ஏதாவது ஆச்சுன்னா நம்ம பழக்கம் கெட்டுப்போகும்" என்றால் பெரும்பாலும் புரிந்துகொள்வார்கள். அதோடு நிறுத்தாமல் அவர் அறிவைக் கேளுங்கள். வொர்க்‌ஷாப்பில் எழுதிக்கொடுத்த பட்டியலை அவரிடம் காட்டி, "இதுல எது அவசியம், எதைத் தள்ளிப்போடலாம்?" என்று கேட்கலாம். முடிந்தால் கூடவே கூட்டிக்கொண்டு போகலாம், டிஸ்க் உண்மையிலேயே தேய்ந்திருக்கிறதா என்று அவர் விரலால் தடவிப் பார்த்துச் சொல்வதற்கு. உதவ நினைத்தவருக்கும் உதவிய நிறைவு, உங்களுக்குத் தேவையில்லாத செலவு மிச்சம், ஸ்பேனர் மட்டும் வேறொருவர் கையில்.

சக்கரத்தைக் கழற்றிய வேலை யார் செய்திருந்தாலும் சரி, 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் எல்லா வீல் நட்டையும் டார்க் ரெஞ்சால் ஒருமுறை பார்த்துவிடுங்கள். உங்களிடம் அது இல்லையென்றால் அவருக்குப் போன் போடுங்கள், ஐந்து நிமிட வேலைதான்.